எந்தப் பண்டிகையும் இல்லாதவனுக்கு லீவு

கடத்தூர்,
8-12-1943

சிரஞ்சீவி ராஜாமணிக்கு,

யாருடைய கிருபையும் இல்லாமல் நானும் உன் அம்மாவும் இங்கே இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்தது. நடுவில் இரண்டு வரிகளை யாரோ கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். இதையும் பிரித்துப் படிக்கப்போகும் அந்த அதிகாரிக்கு என் வணக்கம். இதில் யுத்த ரகசியம் எதுவும் இல்லை. எதையும் அடிக்காமல் கடைசிவரை படிக்கவும். உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ராகி அறுத்தாயிற்று. ஐப்பசி மழை ஏமாற்றியதில் கதிர் சிறுத்துவிட்டது. காரி எருது இன்னும் நொண்டுகிறது. மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை, பொழுது சாய்ந்தால் ஊரே இருட்டுத்தான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். பட்டாளத்தில் சேரும்போது மதம் என்ன என்று கேட்டதற்கு ‘இல்லை’ என்றாய். நான் சொல்லிக்கொடுத்துத்தான் அப்படிச் சொன்னாய் என்று ஊர் இன்றுவரை பேசுகிறது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சரஸ்வதி பூஜையில் கைகூப்பவில்லை என்று என்னைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலையிலிருந்து வெளியேற்றியபோது நீ சின்னப் பையன். பார்த்துக்கொண்டிருந்தாய், அவ்வளவுதான். உன் துரை சிரித்துவிட்டு, சொன்னபடியே பதிந்துகொள்ளச் சொன்னார் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, அந்தக் கடிதத்தை என் பழைய தலைமையாசிரியருக்கு அனுப்பிவைக்க நினைத்தேன். அதற்குள் அவர் செத்துப்போய்விட்டார். அதிலும் எனக்கு அவர்மேல் கோபம்தான்.

அந்த ‘இல்லை’யை ஒப்புக்கொண்டவர்கள் அதற்கு என்ன தண்டனை வைத்திருந்தார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. தீபாவளிக்கு மற்றவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்க, நீ காவல். ரம்ஜானுக்கும் நீ காவல். போன கிறிஸ்துமஸுக்கும் நீதான் நின்றாய். ஊருக்குப் போகும் லீவும் அந்தந்த மதத்துப் பண்டிகையை ஒட்டியே கிடைக்கிறது. “உனக்கு எந்தப் பண்டிகைடா? எந்தக் கூட்டத்தோட உன்னை அனுப்பறது?” என்று சுபேதார் கேட்டாராம். ‘இந்து’ என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டால் பொங்கல் கூட்டத்தோடு அனுப்புகிறேன் என்கிறாராம். போடலாமா என்று கேட்கிறாய்.

அம்மாவின் கண்ணைப் பற்றி உனக்கு நான் பாதிதான் எழுதியிருந்தேன். இது புரை இல்லை, அறுத்தெடுக்க ஒன்றுமில்லை என்று தருமபுரி டாக்டர் சொல்லிவிட்டார். நல்ல வெயிலில் முகம் தெரிகிறது. நிழலில் வெறும் உருவம்தான். மாசிக்குள் அதுவும் போய்விடலாம் என்கிறார்.

அதனால் போன வாரம், ‘கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சேர்’ என்று உனக்கு எழுதினேன். ஆமாம், நான்தான் எழுதினேன். ஒட்டுவதற்கு முன் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முறத்தைக் கீழே வைத்தாள். “நம்பாதவன் எதுக்கு நம்பறேன்னு எழுதணும்? மாரியாத்தா என்ன ரயில் டிக்கெட்டா, வூட்டுக்கு வர்றதுக்குக் காட்டறதுக்கு? சாமி இல்லை சாமி இல்லைன்னு உங்ககிட்ட கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. இப்பப் பையன் வரணும்னா மட்டும் சாமி இருக்குதுங்களா?” என்றாள். அந்தக் கடிதம் அடுப்பில் எரிந்தது.

பிறகு விசாரித்ததில் வேறு வழி தெரிந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தில் ஊர் மணியக்காரரும் கையெழுத்துப் போட்டால், தாயாரைப் பார்க்க அவசர லீவு கேட்கலாமாம். மணியக்காரர் உன் பெரியப்பா பச்சியப்பன். பூஜை விவகாரத்திலிருந்து இந்தப் பங்காளி என் வாசலை மிதித்ததில்லை. இருந்தாலும் போனேன். “கோயில் பூசை வருது. நாலு பேர் பார்க்கத் திருநீறு பூசிகிட்டு வந்து நில்லு, போடறேன். திமிருல மட்டும் அப்பனும் புள்ளையும் ஒரே அச்சுடா” என்றார். காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் என்னிடம் சொல்லாமல் உன் அம்மா அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தெரிந்ததும் பின்னாலேயே ஓடினேன். பச்சியப்பன் வீட்டுப் பந்தல் நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். “மாமா, நான் சாமி கும்பிடறவதானுங்க. அவர் பூசறதும் பூசாததும் அவர் பாடு. நான் என் கண்ணுக்குக் கேக்கறேன், போட்டுக் குடுங்க” என்றாள். அவள் பந்தல் காலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். பச்சியப்பன் நாலடி தள்ளிக் கதவோரம் நின்றிருந்தார். அருகில் வந்து அவள் கையிலிருந்த காகிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய், கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. இதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. ஒரு கையெழுத்துக்காக அவள் பந்தல் காலிடம் பேச வேண்டியிருந்தது.

அந்தக் காகிதம் இதனுடன் இருக்கிறது. உன் துரைக்கு இங்கிலீஷில் நான் எழுதிய மனுவும் இருக்கிறது. அதில் நான் கெஞ்சவில்லை. எல்லா மதத்துப் பண்டிகைக்கும் என் மகன் காவல் நின்றிருக்கிறான், அவனுக்குப் பண்டிகை வேண்டாம், யாருக்கும் விசேஷமில்லாத ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை புறப்பட விடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். குண்டுக்கு எதிரே நிறுத்தும்போது எந்தப் பண்டிகைக்காரன் என்று பார்க்காதவர்கள், பெற்றவளைப் பார்க்கப் போகும்போது மட்டும் ஏன் பார்க்கிறீர்கள் என்றும் கேட்டிருக்கிறேன். சுபேதார் வாங்கி வைத்துக்கொண்டு தாமதித்தால் நீயே துரையிடம் நேரில் கொடு. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சொன்னதை மாற்றாதே. லீவு இல்லை என்றாலும் மாற்றாதே. இது என் வார்த்தை மட்டும் என்றால் நீ தட்டலாம். உன் அம்மாவின் வார்த்தையும் இதுதான்.

வருவதானால் ராத்திரி வண்டியில் வராதே. காலையில் மொரப்பூரில் இறங்குகிற வண்டியாகப் பார்த்து வா. நேராக வீட்டுக்குள் நுழைந்துவிடாதே. களத்தில், வெயில் விழுகிற இடத்தில், தொப்பியைக் கழற்றிவிட்டு நில். நான் அவளை வெளியே அழைத்துக்கொண்டு வருகிறேன்.

உன் அப்பா,
மா. சென்றாயன்