மலை ஏறாத வண்டி

பெரியவனே,

அன்புள்ள என்று ஆரம்பிக்க வேண்டும், கை வரவில்லை. நான் நலம். உன் அப்பாவும் நலம், முட்டி வலி மட்டும் ஏதாவது வேலை சொன்னால் வருகிறது, சாப்பிடக் கூப்பிட்டால் போய்விடுகிறது. நீயும் மருமகளும் குழந்தையும் நலமா என்று கேட்பது என் கடமை, கேட்டுவிட்டேன். போனில் சொல்லாமல் இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ என்னைப் பேச விட்டால்தானே, நான் வாயைத் திறந்ததும் "அம்மா, ஒரு நிமிஷம், மீட்டிங் வந்துடுச்சு" என்று வைத்துவிடுகிறாய், அந்த ஒரு நிமிஷம் அடுத்த வாரம்தான் முடிகிறது. கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது. கோபம் வந்தால் கிழித்துப் போடு, ஆனால் முழுசாகப் படித்துவிட்டுக் கிழி.

கார் விஷயத்துக்கு வருகிறேன். பழைய காரை விற்கச் சொன்னது நீ. பெட்ரோல் குடிக்கிறது, புகை கக்குகிறது, எலக்ட்ரிக் வாங்கிக்கொள்ளலாம் என்று தினம் அப்பா காதில் ஓதினாய், அவரும் அடுத்த வண்டி எது என்று முடிவாகும் முன்பே சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து நான் பல் செட்டுகளை டப்பாவில் போட்டுக்கொண்டு பல் டாக்டர்கள் வாசலுக்கு வாடகை வண்டியில் அலைகிறேன். இந்த ஊரில் பாதிப் பேர் நான் செய்த பல்லில்தான் மெல்கிறார்கள், அவர்கள் யாருக்கும் பயப்படாத நான் நீ அனுப்பும் வீடியோக்களுக்குப் பயந்து கிடந்தேன். காலையில் ஒருவன் வந்து இந்த மாடல்தான் உலகத்திலேயே சிறந்தது என்கிறான், சாயங்காலம் இன்னொருவன் வந்து அதை வாங்குகிறவன் முட்டாள் என்கிறான், இரண்டையும் அனுப்பியது நீ. கடைசியில் எல்லாவற்றையும் அலசி ஆராய்ந்ததாகச் சொல்லி, சின்ன பேட்டரி வைத்த அந்தக் குட்டி வண்டியே போதும் என்று தீர்ப்புச் சொன்னாய். "நீங்க ரெண்டு பேரும் எங்க போகப் போறீங்க? ஆஸ்பத்திரி, மார்க்கெட், நாலு கிளினிக். அதுக்கு எதுக்கு நானூறு கிலோமீட்டர் ஓடுற வண்டி?" என்று கேட்டாய். உன் அப்பாவும் "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மண்டையை ஆட்டினார். அவர் தலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஆடும், உனக்குத் தெரியாததா.

மாடி வீட்டு வக்கீலிடம் அதே குட்டி வண்டிதான் இருக்கிறது. ஒரு நாள் கோர்ட்டுக்குப் போகிறவர் என்னைக் கிளினிக்கில் இறக்கிவிடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டார். ஜன்னலை இறக்கி, ஏசியை அணைத்து, கறுப்புக் கோட்டுக்குள் வேர்த்து வழிந்துகொண்டு ஓட்டுகிறார் மனிதர். என்ன சார் இது என்றால் "ஏசி போட்டா ரேஞ்ச் குறையுது மேடம்" என்கிறார். இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று காட்டுகிற எண்ணைத்தான் சாலையைவிட அதிகம் பார்த்தார். பாட்டுப் போடவும் பயம். இந்த அழகுக்கு நடந்தே போகலாமே என்று வாய் வரை வந்தது, இறக்கிவிடுகிறவரிடம் எப்படிச் சொல்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதனால்தான் அப்பாவை இழுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். ஒருவர் வாயை அளவெடுக்காமல் நான் இதுவரை பல் கட்டியதில்லை. அச்சு எடுத்து, மெழுகில் வைத்து, கடிக்கச் சொல்லி, எங்கே குத்துகிறது என்று கேட்டுத் தேய்த்துத்தான் கொடுப்பேன். என் வண்டியை மட்டும் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு நீ அளவெடுக்காமல் பொறுக்கிவிட்டாயே என்ற எரிச்சல் எனக்கு. அங்கே இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள், "பேப்பர்ல போட்டிருக்கிறது ஒண்ணுங்க, ரோட்டுல ஓடுறது ஒண்ணுங்க. வேகமாப் போனா குறையும், நாலு பேர் உட்கார்ந்தா குறையும், மேடு ஏறினா ரொம்பவே குறையும்" என்று. அப்படியானால் இந்தக் குட்டி வண்டி மலையேறித் திரும்பி வருமா என்று கேட்டேன். அவள் பளிச்சென்று, "உங்களுக்கு எதுக்கும்மா மலை? உங்க பையன்தான் புக் பண்ணும்போதே சொல்லிட்டாரே, அம்மா மலைப்பக்கம் போக மாட்டாங்கன்னு" என்றாள். நல்ல பெண், மறைக்கத் தெரியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன்னிடம் மலையைப் பற்றி யாரடா கேட்டது? ஆஸ்பத்திரி மேட்டிலா இருக்கிறது, மார்க்கெட் மேட்டிலா இருக்கிறது? மலை மேல் நமக்கு இருப்பது உன் தங்கச்சி ஒருத்திதான். நீ அளவெடுக்கவில்லை என்று நினைத்தேன் பார், நான்தான் பைத்தியக்காரி. நன்றாகவே எடுத்திருக்கிறாய். எவ்வளவு தூரம் ஓடினால் அவள் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாதோ அவ்வளவு தூரம் ஓடுகிற வண்டியாகப் பொறுக்கியிருக்கிறாய்.

திரும்பிப் பார்த்தேன், உன் அப்பா ஷோரூம் டயரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். பஸ் பாதி மலையோடு நின்றுவிடும், வாடகை வண்டிக்காரன் மலையேற மாட்டான், பழைய கார் போனபின் நான் அவளைப் போய்ப் பார்க்கவில்லை என்பதும் உங்கள் இருவருக்கும் தெரியும். நெஞ்சைத் தொட்டுச் சொல்லு, அவள் என்ன தப்புச் செய்தாள்? உன்னோடு வேலை பார்த்தவன், தங்கமான பையன் என்று நீதான் அவனைக் கூட்டி வந்தாய், நாங்களும் உன் முகத்துக்காகக் கட்டி வைத்தோம். அவன் கை நீட்டினான். ஒரு தடவை இல்லை. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று நீ போனில் "கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்றாய். அவள் அழாமல் போனை என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போனாள், பிறகு மலை மேல் அணைக்கட்டில் தண்ணீர் சோதிக்கிற வேலையைத் தேடிக்கொண்டு போய்விட்டாள். அவனிடம் அவள் மன்னிப்புக் கேட்கிறவரைக்கும் யாரும் அவளைப் பார்க்கப் போகக் கூடாது என்று உத்தரவு போட்டாய். எவன் வீட்டுக்கு எவன் உத்தரவு போடுவது? வெளிநாட்டில் உட்கார்ந்து உத்தரவு போட நீ என்ன எனக்கு மாமியாரா? உத்தரவு போதாது என்று பேட்டரியையும் குறைத்தாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

நீ செய்த புக்கிங்கை அங்கேயே ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். அதே கம்பெனியில் பெரிய பேட்டரி வைத்த வண்டி, நிறம் கூட நான் பார்க்கவில்லை, மலையேறித் திரும்பிய பிறகும் மிச்சம் இருக்குமா என்று மட்டும் கேட்டேன், இருக்கும் என்றாள், எடுத்துக்கொண்டேன். நான் சம்பாதித்ததில் எடுத்தேன், நீ அனுப்பிய பணம் உனக்கே திரும்பி வரும். இனி நீ வீடியோ அனுப்ப வேண்டாம்.

இந்தக் கடிதத்தை அவள் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவள் ஷிப்ட்டுக்குப் போயிருக்கிறாள். ஒரு அறை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்தான், அலமாரியில் சோதனைக் கூடத்திலிருந்து கொண்டுவந்த கண்ணாடி ஜாடியில் சர்க்கரை போட்டு வைத்திருக்கிறாள். உன் அப்பாவை நான் கூப்பிடவே இல்லை. காலையில் கதவைப் பூட்டிவிட்டு வந்தால் முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார், மடியில் அவளுக்குப் புது ஸ்வெட்டர். முட்டி வலி எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. நான் ஓட்ட, வளைவுக்கு வளைவு "இன்னும் இவ்வளவு இருக்கு" என்று எண்ணை வாசித்துக்கொண்டே வந்தார். அதுவும் கடகடவென்று குறையத்தான் செய்தது, குட்டி வண்டியாக இருந்தால் இறங்கும்போது யார் வீட்டுப் பிளக்கையோ கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அவள் வாசலுக்கு ஓடி வந்தாள். இளைத்திருக்கிறாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், இவ்வளவு பெரிய பேட்டரியா, இங்கே வருவதற்காகவா என்று கேட்டாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் பானெட்டைத் தடவிக்கொண்டே, "அண்ணன்தான் பார்த்து எடுத்துக் கொடுத்தானாம்மா?" என்றாள். இத்தனைக்கும் பிறகு அவளுக்கு உன்மேல் என்ன ஆசை பார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மலைப்பக்கம் போக மாட்டாங்க என்று நீ சொன்னதை அப்படியே சொல்லிவிடலாம் என்றுதான் வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்தேன். என் வாயில் வரவில்லையடா. "ஆமாம், அவன்தான் கணக்குப் போட்டு எடுத்தான், உன் வீட்டுக்கு வந்து திரும்ப வேண்டுமே என்று" என்று சொல்லிவிட்டேன். உன் அப்பாவும் தலையை ஆட்டினார். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பெட்டியோடு வந்த அன்று கூட அவள் அழவில்லை.

நீ நன்றாக இரு, உன் பிள்ளை நூறு வயது இருக்கட்டும், மருமகளை ஒருநாளும் அழவிடாதே. உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவள் ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்து நன்றி சொல்லப் போகிறாள். மீட்டிங் என்று வைத்துவிடாதே. என்னைப் பொய்க்காரி என்று நினைத்தாலும் பரவாயில்லை, அவளிடம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
அம்மா
(அப்பா பக்கத்தில் இருந்து படித்தார், கையெழுத்துப் போடுகிறேன் என்று பேனாவைக் கேட்கிறார்)
அப்பா