திறக்காத வால்வுக்கு ஏழு குழி

மாப்ள,

கொல்லைக் குழாய் ஒழுகுகிறதே என்று இன்று காலை பைப் ஒட்டும் சொல்யூஷன் டப்பாவைத் திறந்தேன். மூக்கைத் துளைக்கும் அந்த வாடை வந்ததும் நீ பக்கத்தில் நிற்பது போலிருந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. எஸ்டேட்டில் இத்தனை காலம் உன்னோடு பைப் வேலை பார்த்தேன். உன்னிடம் மறைத்தது ஒன்றே ஒன்றுதான். போன ஞாயிற்றுக்கிழமை அதை என் மகளிடம் உளறிவிட்டேன். இனி உன்னிடம் சொல்லாமலிருப்பது நியாயமில்லை.

சேலத்தில் கம்ப்யூட்டர் படிப்பவள் லீவுக்கு வந்திருந்தாள். திங்கட்கிழமை கல்லூரியில் ஒரு புரோகிராம் காட்ட வேண்டுமாம். அது ஓடவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு, "எனக்கு இது வராதுங்கப்பா. படிப்ப நிறுத்திட்டு நாகலூர்லயே ஏதாச்சும் கடைக்கு வேலைக்குப் போறேன்" என்றாள்.

"அப்படி என்ன கண்ணு கண்டுபிடிக்கோணும்?"

"ரூட்டுங்கப்பா."

"எந்த பஸ்ஸு ரூட்டு?"

அழுகைக்கு நடுவிலும் முறைத்தாள். பத்தாம் வகுப்புக் கணக்கை இரண்டு தடவை எழுதித் தேறியவனுக்குப் புரிகிற மாதிரி அப்புறம் சொன்னாள். ஒரு சமன்பாட்டில் எந்த எண்ணைப் போட்டால் விடை சைபராகும் என்று தேட வேண்டும். ஒரு எண்ணுக்கு விடை சைபருக்குக் கீழே, இன்னொன்றுக்கு மேலே என்றால், தேடுவது நடுவில் எங்கோ இருக்கிறது. சரிபாதியில் பார்த்து, அது ஒளிந்திருக்கும் பாதியை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட வேண்டும். மறுபடி பாதி, மறுபடி பாதி.

அட, இது உன் வேலையல்லவா! பைப்பில் அடைப்பென்றால் மற்றவர்கள் லைன் நெடுகத் தோண்டுவார்கள். நீ நடுவில் ஒரே குழி வெட்டி ஜாயின்டைத் தளர்த்துவாய். தண்ணீர் வந்தால் கோளாறு கீழே, வராவிட்டால் மேலே.

"ஒன்னுக்கும் ரெண்டுக்கும் நடுவுல தேடச் சொன்னா, எப்ப ஓட்டினாலும் ரெண்டுலயே போயி முட்டிக்கிட்டு நிக்குதுங்கப்பா" என்றாள்.

முட்டிக்கொண்டு நின்றது என்றதும் எனக்கு மஞ்சக்குட்டைப் பக்கத்து நர்சரி ஞாபகம் வந்தது. தண்ணீரில்லாமல் காபி நாற்று வாடிக்கொண்டிருந்தது. நடுவில் வெட்டினோம், காய்ந்து கிடந்தது. அதற்கு மேலே பாதியில் வெட்டினோம், அதுவும் காய்ந்து கிடந்தது. ஏழாவது குழி மேட்டுத் தொட்டிக்கே போய் முட்டியது. அங்கே வால்வு மூடிக் கிடந்தது!

"எவன்டா மூடுனது?" என்று கத்தினாய். "ரைட்டரா இருக்குமோ என்னமோ" என்றேன், கூசாமல். எஸ்டேட் கணக்கு எழுதிக்கொண்டு குடையோடு வந்த அந்த மனுஷனை நீ வாங்கு வாங்கென்று வாங்கினாய். "ஏனுங்க, வால்வு எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க" என்று அவர் மன்றாடியபோது, நான் மம்பட்டி மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

மூடியது நான்தான் மாப்ள. வெட்டும்போது தண்ணீர் பீறிட்டு அடிக்குமே என்று காலையிலேயே மூடிவிட்டு, மறந்தும் போனேன். திறந்ததும் நடுக்குழிக்குத் தண்ணீர் வந்தது. அதற்குக் கீழே இரண்டே குழியில், சில்வர் ஓக் மரத்து வேர் நெரித்த ஜாயின்ட் அகப்பட்டது.

"மொதல்ல ரெண்டு முனையும் பார்த்தியா கண்ணு?" என்று மகளிடம் கேட்டேன். அவள் தட்டிப் பார்த்தாள். ஒன்றைப் போட்டாலும் சைபருக்குக் கீழே, இரண்டைப் போட்டாலும் கீழே. முனைகளை மாற்றி இரண்டும் மூன்றும் கொடுத்தாள்; மூன்றுக்கு விடை சைபருக்கு மேலே வந்தது. இரண்டே முக்காலைத் தாண்டி, கச்சிதமாக ஓரிடத்தில் வந்து நின்றது.

"எப்படிங்கப்பா தெரிஞ்சுது?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துச் சிரித்து, கடைசியில், "பாவம்ப்பா அந்த ரைட்டரு" என்றாள்.

இரண்டு முனையும் ஒரே பக்கம் இருந்தால் புரோகிராம் தேடாமல் நின்று, 'வால்வு திறந்திருக்கா?' என்று கேட்கும்படி ஒரு வரி சேர்த்தாள். திங்கட்கிழமை மத்தியானம் போன் செய்தாள். "மேடம் இது என்னன்னு கேட்டாங்க. சொன்னதும் கிளாஸே சிரிச்சுது. ஆனா அந்த வரி இருக்கட்டும்னுட்டாங்கப்பா. அடுத்த வாரம் இதைவிட வேகமா தேடற முறை ஒன்னு இருக்குது, அதையும் எழுதப்போறேன்." கடை வேலைப் பேச்சையே காணோம்.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நர்சரி வேலைக்கப்புறம் எதைத் தொடங்கினாலும், "வால்வு திறந்துட்டியா மாப்ள?" என்பாய். ஆஸ்பத்திரியில் நான் பிளாஸ்க் மூடியோடு மல்லுக்கட்டியபோதும் படுத்தபடியே அதைத்தான் கேட்டாய். உனக்குத் தெரிந்திருக்கிறது. நானாகச் சொல்லட்டும் என்று கடைசிவரை விட்டுவைத்திருக்கிறாய்.

இன்று கொல்லைக் குழாயை ஒட்டிக் காயவிட்டுத் திருகினேன். சொட்டுத் தண்ணீர் வரவில்லை. சொல்யூஷனைத் திட்டினேன், பைப்பைத் திட்டினேன். பிறகு எழுந்து தொட்டிக்குப் போய்ப் பார்த்தேன்.

வால்வு மூடியிருந்தது. பக்கத்தில் கேட்க ஆளில்லை. ஆனாலும், "நான்தான் மூடினேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் திறந்தேன்.