ஜிகினாத் தாள்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அம்மா, நான், ஒழுகும் குழாய் மூவரும் நலம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவதுதான் வழக்கம், இன்று அவள் தூங்கிய பிறகு குளியலறை விளக்கைப் போட்டுக்கொண்டு நானே எழுதுகிறேன், மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

நாளை பள்ளிக்குக் கல்வி அதிகாரி வருகிறார். எங்கள் வகுப்புச் சுவரில் மழைநீர் இறங்கி ஓதம் பிடித்த இடத்தை மறைக்கப் பெரிதாக எதையாவது மாட்ட வேண்டும் என்று தலைமையாசிரியர் தேடினார். அரசு செலவழிக்கும் ஒவ்வொரு நூறிலும் பள்ளிக்கூடங்களுக்குப் போவது எவ்வளவு என்று நம் நாட்டையும் நீ பாடம் நடத்தும் நாட்டையும் ஒப்பிட்டு, இருபது வருடக் கணக்கை நான் வரைந்து வைத்திருந்தேன். ஓதத்தின் அளவுக்குப் பொருந்தியதால் அதையே தேர்ந்தெடுத்தார், அதில் என்ன இருக்கிறது என்று பிறகுதான் பார்த்தார். அந்த நாட்டுக் கோடு ஒன்பதிலிருந்து பத்தொன்பதுக்கு ஏறுகிறது, நம்முடையது பதினெட்டிலிருந்து பத்துக்கு இறங்குகிறது. நாம் பதினெட்டு கொடுத்த காலத்தில் படித்தவள் நீ, இப்போது அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாய், அந்தச் செலவை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தலைமையாசிரியர் கோபப்படவில்லை. எண்ணில் கை வைக்கக் கூடாது, அது பாவம் என்றார். நம் நாட்டின் வருடங்களை மட்டும் வலப்பக்கத்திலிருந்து எழுதச் சொன்னார். இந்த வருடம் முதலில் வந்தது, இருபது வருடத்துக்கு முந்தியது கடைசிக்குப் போனது, நம் கோடும் ஜம்மென்று ஏறிவிட்டது. கீழே இருக்கும் வருடங்களின் மேல் அழகுக்கு ஜிகினாத் தாள் ஒட்டச் சொன்னார். அதிகாரி வருடத்தைக் கேட்டால் என்ன செய்வது என்றேன். வருடம் கேட்கும் அதிகாரியைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்றார். நான் குச்சியோடு நின்று, இரு நாடுகளும் தோளோடு தோள் சேர்ந்து முன்னேறுகின்றன என்று சொல்ல வேண்டும்.

எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். பள்ளியில் கூட்டிப் பெருக்கி மணியடிக்கும் அவள் வேலைக்கு வருடா வருடம் தலைமையாசிரியர்தான் கையெழுத்துப் போடுகிறார், இந்த மாதம்தான் அந்தக் கையெழுத்து மாதம். “சொல்லச் சொன்னதைச் சொல்லிட்டு இறங்கி வந்துரு. அவர் கையெழுத்துப் போடலைன்னா அடுத்த மாசம் அரிசிக்கு எங்கடி போறது?” என்றாள்.

பள்ளிக்குப் பசை கிண்டுவதும் அவள்தான். பரீட்சை உறைகளை அவள் ஒட்டினால் உறை கிழியுமே தவிர ஒட்டு விடாது, உனக்குத்தான் தெரியுமே. இன்று மாலை ஜிகினாத் தாளை அவளே ஒட்டினாள். பசையைத் தொட்டேன், தண்ணீராக வழிந்தது. சொன்னேன். என் முகத்தைப் பார்க்காமலே, ஓதச் சுவர்ப் பக்கம் இப்படித்தான் இருக்கணும் என்றாள். தாள் விழுந்தால் உன்னைத் திட்டுவாரே என்றேன். “சுவர் ஒழுகுதுன்னு அதிகாரி முன்னாடி அவரே சொல்லட்டும்” என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்தாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இப்போதே ஓடிப்போய்ப் பள்ளிப் பூட்டை உடைத்து நல்ல பசை தடவிவிட்டு வரலாமா என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் விளக்கை அணைக்கும்போது அம்மா இன்னொன்றும் சொன்னாள், நாளைக்குக் குச்சியை ஜிகினாத் தாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம், கொஞ்சம் அழுத்தி வைக்க வேண்டுமாம்.

நீ தீர்க்காயுசாக, நிறைவாக இருக்க அம்மாவின் ஆசிகள். காதை மூடிக்கொள்ள மறக்காதே. இந்தக் கடிதத்தைப் பற்றி அவளிடம் மூச்சு விடாதே.

அம்மாவுக்காக,
உன் தங்கை