இடப்பக்கக் கடைசிக் கொக்கி

அன்பு மச்சான் உதுமாலெப்பைக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட கொப்பிதான், ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. ஒரு பக்கம் எழுத லுஹர் தொழுகையிலிருந்து அஸர் தொழுகை வரை போகிறது. இருந்தாலும் சந்தோஷமாக இருக்கிறது மச்சான். எழுபத்தொரு வயதில் நான் எழுதுகிறேன். இதை முதலில் உனக்குத்தான் காட்டியிருப்பேன். நீ மௌத்தாகி, மண்ணுக்குள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது.

வாசிகசாலை மேல்மாடியில் செவ்வாயும் வியாழனும் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. நீ போன பிறகுதான் சேர்ந்தேன். குர்ஆன் ஓதப் பழகியதால் அரபு எழுத்து தெரியும். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் உன் லொறியில் சாமான் கட்டுகிறவனாகப் பக்கத்துச் சீட்டில் இருந்தும் இதை உன்னிடம் சொல்லவில்லை. வெட்கம். பேப்பரை விரித்து வைத்துப் படம் பார்ப்பேன். “என்ன மச்சான் போட்டிரிக்கான்?” என்று நீ கேட்டால், “என்னத்தப் போடுவான், எல்லாம் பொய்” என்பேன். நீ சிரிப்பாய்.

போன கிழமை உன் மகன் ரிபாஸ் அக்குறணையிலிருந்து ஃபோன் எடுத்தான். கலியாணம் முடித்து அங்கேயே போய்விட்ட பிள்ளை. “சாச்சா, வாப்பாட மோட்டச்சைக்கிள் எனக்கு வேணும். லொறில ஏத்தி அனுப்ப ஏலுமா? நீங்கதான் கட்டணும். வேற ஆரும் கட்டினா எனக்கு நிம்மதி இரிக்காது.”

“ஓம் மனே, கட்டுறன்” என்றேன். ஃபோனை வைத்த பிறகுதான் வழி நினைவுக்கு வந்தது. அக்குறணைக்குப் போவதென்றால் மஹியங்கனை தாண்டி மலையில் அந்தப் பதினெட்டு வளைவும் ஏற வேண்டும். நமக்கு அந்த இடத்தில் நடந்தது உனக்கு மறந்திருக்காது.

அன்றைக்கு, கொழும்பிலிருந்து கல்முனைக்கு ஏற்றிய புது மோட்டார் சைக்கிள்கள் பதினொன்றை உன் லொறிக்குள் நான் கட்டினேன். நாலு பக்கமும் மூடிய லொறி. கதவைச் சாத்தினால் உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது. இடப்பக்கக் கடைசிக் கொக்கிக்கு மேலே நீ சிவப்புப் பெயின்டில் புதிதாக ஏதோ எழுதியிருந்தாய். லொறியின் நெற்றியில் ‘அல்லாஹ் காப்பான்’ என்று எழுதியிருப்பதாக நீ சொல்லியிருந்தாயே, அதுவும் அதே சிவப்பு. இதுவும் துஆதான் என்று நினைத்தேன். அதன்மேல் கையை வைத்து பிஸ்மில்லாஹ் சொன்னேன். துஆவுக்குக் கீழே இருந்தால் பத்திரம் என்று, இருந்ததில் விலைகூடிய வண்டியை அந்தக் கொக்கியில் கட்டினேன்.

மலை இறங்கும்போது ஏழாவது வளைவிலோ எட்டாவதிலோ சத்தம் கேட்டது. கொக்கி தகட்டோடு பிடுங்கிக்கொண்டு வந்து, அந்த வண்டி விழுந்து, பக்கத்தில் நின்ற மூன்றையும் சாய்த்திருந்தது. “எழுதிப்போட்டனே மச்சான், பாக்கல்லயா?” என்றாய். “அவசரத்துல பாக்கல்ல” என்றேன். நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். கல்முனை ஷோரூமில் முதலாளி ஏசும்போது, “நான்தான் கட்டினன்” என்று சொன்னாய். நான் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் லொறி இப்போது நிந்தவூர் ஹனீபாவிடம் ஓடுகிறது. நேற்று முன்தினம் சுபஹுக்குப் பிறகு அதை உன் வாசலுக்குக் கொண்டுவந்தார். உள்ளே ஏறினேன். சிவப்பு மங்கியிருக்கிறது, ஆனாலும் அழியவில்லை. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்தேன்.

‘ஆதம்பாவா, இதில் கட்டாதே. ஒட்டு விட்டிருக்கு.’

முதல் சொல் என் பெயர் மச்சான். வகுப்பில் நான் முதலில் பழகியதும் அதைத்தான். அன்றைக்கு என் பெயரின் மேலேயே கையை வைத்து பிஸ்மில்லாஹ் சொல்லியிருக்கிறேன்.

“என்ன காக்கா, மயக்கமா?” என்று தம்பி வயதுள்ள ஹனீபா கேட்டார்.

“இல்ல, வாசிக்கிறன்.”

“அதையா? அது பழைய கத. கொக்கிய அப்பவே வெல்டிங் வச்சி ஒட்டியாச்சி. இப்ப யானையையும் கட்டலாம்.”

உன் மோட்டார் சைக்கிளை நடுவில் ஏற்றினேன். முன்சில்லைப் பலகையில் முட்டவைத்து இருபக்கமும் கட்டை கொடுத்தேன். ஸ்டாண்டை மடித்தேன். கீறல் விழாமல் ஹேண்டிலில் மருதமுனைச் சாரன் துண்டைச் சுற்றி, அதன்மேல் கயிறு போட்டேன். முன் ஷொக் ஸ்பிரிங் பாதி இறங்கும்வரை ஹேண்டிலை நெஞ்சால் அமத்திக்கொண்டு இருபக்கமும் இழுத்து இறுக்கினேன். இந்த இடத்தில் நீ “ஏறி இரிடா, உன்ட பாரத்துக்கு ஷொக் சிரிக்குது” என்பாய். யாரும் சொல்லவில்லை.

இடப்பக்கத்துப் பின்கயிற்றுக்கு அந்தக் கொக்கிதான் கைக்கெட்டிய தூரம். ஹனீபாவும் அதைத்தான் காட்டினார். நான் கயிற்றை நீட்டி அதற்கு முந்திய கொக்கியில் கட்டினேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிந்தித்தான் மச்சான், ஆனாலும் நீ எழுதியதைக் கேட்டுவிட்டேன்.

“அம்பாறையில நிப்பாட்டி ஒருக்கா இறுக்குங்க. வண்டி குலுங்கி அமந்ததும் கயிறு இளகும்” என்று சொல்லி அனுப்பினேன். ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இருந்தேன். அஸருக்குப் பிறகு ரிபாஸ் எடுத்தான். “ஒரு கீறல் இல்ல சாச்சா. அந்தச் சாரன் துண்ட அவுக்காம வச்சிரிக்கன்.”

ஒன்று கேட்க வேண்டும். வண்டி விழுந்த பிறகு நீ எனக்கு ஒன்றும் எழுதி வைத்ததில்லை. எல்லாவற்றையும் வாயால் சொன்னாய். ஓட்டும்போது வழியில் உள்ள ஊர்ப் பலகை, கடைப் பலகை எல்லாவற்றையும் சத்தமாக வாசிக்கத் தொடங்கினாய். ‘உஹன.’ ‘டயர் ஒட்டப்படும்.’ ‘இங்கு குளிக்க வேண்டாம்.’ நித்திரை வராமல் இருக்க வாசிக்கிறாய் என்று நான் நினைத்தேன். உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துகொண்டே இத்தனை வருஷமும் என்னிடம் கேட்காமல் இருந்தாயா?

போன மாதம் பஸ்ஸில் அம்பாறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானும் பலகைகளைச் சத்தமாக வாசித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய, உன்னை அடக்கிய கபுறடிக்கு வருவேன். பள்ளியிலிருந்து அங்கே வரை பன்னிரண்டு பலகைகள் இருக்கின்றன. இரண்டில் இன்னும் தடுமாறுகிறேன். அவற்றையும் பழகி, அடுத்த கிழமை பன்னிரண்டையும் உனக்கு எழுதுகிறேன்.

உன் பக்கத்துச் சீட்டு மச்சான்,
ஆதம்பாவா