சிவப்பு மையில் எழுதிய ‘சோம்பல்’

மட்டாஞ்சேரி,
ஜூன் 18, புதன்கிழமை

அன்புள்ள சுபாஷிணிக்கு,

நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மழைதான் அடங்குவதாக இல்லை. உன் சௌக்கியத்தை விசாரித்து எழுதுவது முறை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் போனில் உனக்குக் கிடைத்த பத்து நிமிடத்தில் ஒன்பது நிமிடம் நீ உம் கொட்டிக்கொண்டிருந்ததிலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது. கடைசி நிமிடத்தில்தான் வாயைத் திறந்தாய். “அப்பா, ஒரு ஃபாரம் வரும், அதுல ஸ்பெஷல் கிளாஸ்னு டிக் பண்ணி கையெழுத்து போட்டு அனுப்பிடுங்க, ஏன்னு கேக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். ஃபாரம் திங்கட்கிழமை வந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாலை நாலரை முதல் ஐந்தரை வரை விளையாட்டா, சிறப்பு வகுப்பா, இரண்டில் ஒன்றைப் பெற்றோர் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். ஒரு முறை டிக் செய்தால் பத்தாம் வகுப்பு முடியும்வரை மாற்ற முடியாதாம். விளையாட்டு இந்த வயதுப் பெண்களின் கவனத்தைச் சிதறடிக்கும் என்று கீழே பெரிய எழுத்தில் ஒரு குறிப்பு வேறு. காலை ஐந்தரைக்கு எழுப்பிப் பகல் முழுக்கப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மிச்சமிருக்கிற ஒரு மணி நேரத்தையும் பிடுங்குகிறவர்களுக்குக் கவனத்தைப் பற்றி என்ன தெரியும்? ஒரு லிஃப்டை இப்படி ஓட்டினால்கூட மூன்று மாதத்தில் மோட்டார் கருகிவிடும்.

நான் திட்ட ஆரம்பித்தால் உன் பள்ளிக்கூடத்தோடு நிற்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். போன மாதம் எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டலில் லிஃப்ட் கதவு மூடவில்லை என்று கூப்பிட்டார்கள். போனால் அங்கே முதல் மாடியில் ஒரு கருத்தரங்கு. வளரும் பிள்ளைகள் ஏன் ஓடியாடுவதை நிறுத்துகிறார்கள் என்பதுதான் பொருள். முதல் மாடிக்குப் போக முப்பது பேர் என் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார்கள், பக்கத்திலேயே படிக்கட்டு இருக்கிறது, ஒருவர் காலும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. டை கட்டிய ஒருத்தர் “எத்தர நேரம் ஆகும் சேட்டா” என்று என்னிடம் மூன்று தடவை கேட்டார். பத்தொன்பது படி இருக்கு சார், நான் ரிப்பேர் முடிக்கிறதுக்குள்ள நீங்க ஆறு தடவ ஏறி இறங்கலாம் என்றேன். அவர்தான் முக்கியப் பேச்சாளர் என்று அப்புறம் தெரிந்தது. பிறகு மேலே கதவை ஒட்டி உட்கார்ந்து சென்சாரைத் துடைத்துக்கொண்டே அவர் பேச்சைக் கேட்டேன். பெண் பிள்ளைகள் பதிமூன்று பதினான்கில் ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள் என்றார், கூட ஆட ஆள் வேண்டும், நடந்து போகிற தூரத்தில் இடம் வேண்டும், வீட்டில் ஊக்கம் வேண்டும் என்றார். இதைச் சொல்ல ஏசி ஹால் எதற்கு, நம் தெருவில் வந்து நின்றாலே தெரியுமே என்று நினைத்தேன். வீட்டில் ஊக்கம் என்று அவர் சொன்ன இடத்தில், அது என் வீட்டுக்கு வேண்டாத பாடம் என்றும் நினைத்தேன். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள், பின்னால் இதற்கு வருகிறேன்.

நம் தெருவின் லட்சணத்தையும் கேள். நீங்கள் செவன்ஸ் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்த அரிசி கோடவுன் பின்முற்றத்துக்கு இரும்பு கேட் போட்டுவிட்டார்கள், ஜூ டவுனுக்கு வருகிற டூரிஸ்ட் கார்கள் நிறுத்த. ஒரு நாளைக்கு நாலு கார் வருகிறது. அதற்காகப் பதினெட்டுப் பிள்ளைகளை வெளியே தள்ளியிருக்கிறார்கள். எதிர்வீட்டு வெங்கிடேஷ் தன் மகனை நானூறு மீட்டர் தூரத்து டியூஷனுக்கு ஆட்டோவில் அனுப்பிவிட்டு, பையனுக்கு எடை கூடுகிறது என்று டாக்டரிடம் கூட்டிப் போகிறார், அதுவும் ஆட்டோவில். உன் அமுதவள்ளி அத்தை ஞாயிறன்று வந்திருந்தாள். நீ வயதுக்கு வந்தபோது பட்டுச்சேலையோடு வந்து, “இனி ஓட்டமும் சாட்டமும் மதி, போதும், அடங்கி இரி” என்று எல்லோர் முன்னாலும் சொன்னாளே, அவளேதான். இப்போது அவளுக்கு முட்டி வலி, தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்களாம், நடந்தால் மூச்சு வாங்குகிறதாம். இருபத்தைந்து வருஷம் அடங்கி இருந்ததற்குச் சம்பளம் அக்கா என்றேன். சாயாவைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள், அம்மாவுக்கு என்மேல் இன்னும் கோபம்.

இத்தனை பேரையும் திட்டி முடித்துவிட்டுத் திங்கட்கிழமை சாயங்காலம் உன் ஃபாரத்தோடு கீழ்வீட்டுக்குப் போனேன். உன் சிநேகிதி கங்கா மட்டும் எப்படி விடாமல் ஆடுகிறாள் என்று தெரிய வேண்டியிருந்தது. கேட் போட்ட பிறகும் அவர்கள் ஆறு பேர் காலையில் பஸ் ஏறிப் போய் கடற்கரை மணலில் ஆடுகிறார்கள், மழை விட்டால் போதும். நீ இல்லாததால் கோல் காக்க ஆளில்லையாம். அவளிடம் நேராகவே கேட்டேன், சுபா ஏன் விட்டாள் என்று. அவள் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “மாமா, கோபப்படாதீங்க கேட்டோ. நீங்க வாட்ச் பிடிச்சு நிக்கறப்ப எங்களுக்கே காலு ஓடாது, அவளுக்கு எப்படி ஓடும். அவ ஆட்டத்த ஒண்ணும் விடல, உங்க பேப்பரத்தான் விட்டா.” பின்னால் நின்ற அவள் அப்பா சங்கரலிங்கம் அவளை அதட்டினார், வேண்டாம் சொல்லட்டும் என்றேன். உங்க அப்பா எப்படி என்று கேட்டேன். “அப்பா வரவே மாட்டாரு. ஜெயிச்சு வந்தா சாயாவும் பழம்பொரியும் வாங்கித் தருவாரு. தோத்து வந்தாலும் அதேதான். பழம்பொரி தின்னுக்கிட்டே எத்தன கோல்னு கேப்பாரு, சொன்னா மறந்துடுவாரு” என்றாள். சங்கரலிங்கம் ஏதோ தப்பு செய்தவர் மாதிரிச் சிரித்தார். மசாலா கோடவுனில் மூட்டை எண்ணுகிற மனிதர், மகளின் கோலை எண்ணவில்லை. நான் ஃபாரத்தை மடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

பேப்பர் என்று அவள் சொன்னது ஃபிரிட்ஜ் பக்கவாட்டில் நான் ஒட்டிய லாக் ஷீட்டைத்தான். ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒன்று வைப்பதுபோல உனக்கும் ஒன்று வைத்தேன், தேதி, சுற்று, நேரம், நாடித்துடிப்பு, குறிப்பு. எழுதி வைக்காத எதுவும் முன்னேறாது என்பது என் தொழில் புத்தி. நேற்று அந்தத் தாள்களை எல்லாம் எடுத்து மேசையில் பரப்பினேன். உன் பன்னிரண்டாவது வயதின் கடைசியிலிருந்து பதினொரு மாதம். நீ நன்றாக ஓடிய நாட்களில் குறிப்புக் கட்டம் காலியாக இருக்கிறது, ஒரு சொல்கூட எழுதவில்லை. நேரம் கூடிய நாட்களில் மட்டும் சிவப்பு மையில் ‘சோம்பல்’ என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சிவப்புக் குறிப்புகளின் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். இருபத்தெட்டு நாள், இருபத்தொன்பது நாள், மறுபடி இருபத்தெட்டு. ஒரு லிஃப்டில் ஒரே கோளாறு இரண்டு தடவை ஒரே இடைவெளியில் வந்தால் மூன்றாவது தடவைக்கு முன் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவேன், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். மகள் வயிற்று வலியோடு சுற்றி வருகிறாள், பதினொரு தடவை, வாட்சும் கையுமாக நின்ற எனக்கு அது சோம்பல். ஹோட்டல் படிக்கட்டில் ஏறாதவர்களை நான் கேலி செய்தேன், அவர்கள் யாரும் எந்தப் பிள்ளையின் காலையும் கட்டவில்லை. வீட்டில் ஊக்கம் என்பது எனக்கு வேண்டாத பாடம் என்று நினைத்தேனே, அவர்கள் எல்லோரையும்விட மண்டைக்கனம் பிடித்த முட்டாள் நான்தான்.

அம்மாவிடம் தாள்களைக் காட்டினேன். அவளுக்கு அப்போதே தெரியுமாம். என்கிட்ட ஏன் சொல்லவில்லை என்றதற்கு, “சொன்னா அதுக்கும் ஒரு கட்டம் போட்டு ஃபிரிட்ஜ்ல ஒட்டுவீங்க, வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் படிப்பாங்க” என்றாள். பிறகு அவள்தான் இன்னொன்றும் சொன்னாள். உங்கள் விளையாட்டுச் சீருடை வெள்ளை பேன்ட் என்றும், விளையாட்டு நேரத்தில் யாரும் ஒளிந்துகொள்ளக் கூடாது என்று கழிவறையைப் பூட்டிவிடுகிறார்கள் என்றும் நீ அவளிடம் அழுதாயாம். பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை பேன்ட்டைத் தேர்ந்தெடுத்து, கழிவறைக்குப் பூட்டும் போட்டவர் எந்த உலகத்தில் வளர்ந்தார் என்று தெரியவில்லை. உங்கள் தலைமையாசிரியைக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அம்மா படித்துப் பார்த்து நாலு வார்த்தையை அடித்துவிட்டாள், மிச்சம் அப்படியே இருக்கிறது. பூட்டை எடுக்க வேண்டும், கருநீல பேன்ட் போட அனுமதிக்க வேண்டும், நீ எதைத் தேர்ந்தெடுத்தாலும் இது இரண்டும் நடக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன், உன் பெயரைச் சொல்லாமல் எல்லாப் பெண்களுக்கும் சேர்த்து. இந்தப் பார்சலில் கருநீலத்தில் இரண்டு பேன்ட் இருக்கிறது, இடுப்பளவு அம்மா சொன்னது, நான் அளக்கவில்லை.

இனி ஃபாரம். நீ ஆட வேண்டும் என்பதுதான் என் ஆசை, அதை மறைத்து எழுத எனக்கு வராது. ஆனால் என் ஆசைக்காக நீ பதினொரு மாதம் ஓடியாயிற்று. வேலை முடியாத சர்வீஸ் ஷீட்டில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு பையனை இரண்டு வருஷம் முன்பு வேலையை விட்டே அனுப்பினேன். இன்றைக்கு அதே காரியத்தை நான் செய்திருக்கிறேன். இரண்டு கட்டமும் காலி, கீழே என் கையெழுத்து இருக்கிறது. டிக் நீ போடு. சிறப்பு வகுப்பு என்று போட்டால் மனதுக்குள் திட்டுவேன், வெளியே ஒரு வார்த்தை வராது. விளையாட்டு என்று போட்டால் எத்தனை சுற்று, எத்தனை கோல், ஜெயித்தாயா என்று கேட்க மாட்டேன், நீ கூப்பிடாமல் மைதானத்துப் பக்கம் வர மாட்டேன். எது போட்டாய் என்று என்னிடம் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், வயிறு வலிக்கிற நாளில் வலிக்கிறது என்று உரக்கச் சொல், கேட்காதவர்களிடம் இரண்டாவது தடவை சொல். நீ நீண்ட நாள் நலமாக, உன் இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருக்க வேண்டும் என்பது என் ஆசியும் அம்மாவின் ஆசியும். ஃபாரம் கொடுக்கக் கடைசி நாள் இருபத்தைந்து, மறந்துவிடாதே. லாக் ஷீட்களைக் கிழித்துவிட்டேன், அதில் உன் நாடித்துடிப்பை முதன்முதலில் எழுதிய பக்கத்தை மட்டும் கிழிக்க மனம் வரவில்லை, சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆனந்தகுமார்