ஊறவைத்த நேரலை

மச்சான்,

கம்ப்யூட்டரைப் போட்டுக் கால் மணி நேரம் ஆகிறது. இன்னும் முழுசாக எழுந்திருக்கவில்லை. உள்ளே தூசி சூடாகிற வாசனை அறை முழுக்கப் பரவுகிறது, பழைய சாக்கைத் தணலில் போட்ட மாதிரி. ஒரு வருஷமாக இதைத் துணி போட்டு மூடியே வைத்திருந்தேன். இன்றைக்கு உன் பெண் பத்து மணிக்கு வருகிறாள். நாளைக்கு உனக்குத் தெவசம். அதற்கு முன்னால் உன் கடைசி வீடியோவைப் பார்த்துவிட வேண்டுமாம். "தனியா பாக்க தைரியம் வரல மாமா. நீங்க பக்கத்துல இருந்தா பாத்துடுவேன்" என்று போனில் சொன்னாள். வா பாப்பா என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தக் கம்ப்யூட்டரின் கதை உனக்குத்தான் முழுசாகத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் நாம் இரண்டு பேரும் முப்பது வருஷம் ஒரே பட்டறையில் லேத் ஓட்டினோம். பட்டறையை மூடின அன்று முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இத வெச்சி ஓட்ட உன்ன விட்டா ஆள் இல்லப்பா" என்று கண் கலங்கக் கொடுத்தார். அவர் பழைய இரும்புக்காரனிடம் போட்டதை நான் தெருமுனையில் மறித்து வாங்கினதாக நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். எது உண்மை என்பதை இப்போது சொல்ல நீ இல்லை. ஆகவே நான் சொல்வதுதான் உண்மை.

உன் சம்சாரம் போய்ச் சேர்ந்த பிறகு நீ பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் மாடி போர்ஷனுக்குக் குடி போனாய். பெண் புனேயில் வேலை. பேச ஆள் இல்லை. ஒரு நாள் ஸ்டாண்டு ஒன்று வாங்கி, ஏரிக்கரையின் கடைசி பெஞ்சுக்கு எதிரே போனை நிறுத்தி, காலை ஆறரை மணிக்கு நேரலை போட ஆரம்பித்தாய். கேட்டால் பறவை காட்டுகிறேன் என்பாய். எந்தப் பறவை மச்சான்? பெஞ்சில் உட்கார்ந்து எங்களிடம் பேசத்தானே அதெல்லாம். பார்க்கிறவர்கள் நானும் உன் பெண்ணும். சில நாள் முகம் தெரியாத இரண்டு பேர். நீ ஒரு சட்டமும் போட்டிருந்தாய்: "லைவ்ல கீறப்ப போன் பண்ணாத மாமே, அறுந்துடும். எதுவா இருந்தாலும் கீழ எழுதிப் போடு, நான் படிச்சுக்கிறேன்."

என் கம்ப்யூட்டரில் உன் நேரலை ஒருநாளும் ஒழுங்காக ஓடியதில்லை. நீ வாயைத் திறப்பாய், அப்படியே நிற்பாய். வட்டம் சுற்றும். பிறகு நீ நாலு அடி தள்ளி முளைப்பாய். விடுவேனா நான்? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனால் ஆறு அச்சு லேத்தே என்னைப் பார்த்தால் அடங்கி ஓடும். பக்கத்துத் தகட்டைக் கழற்றி பெயிண்டு பிரஷ்ஷால் ஒரு முறம் தூசி எடுத்தேன். டேபிள் ஃபேனை நேராக அதன் வயிற்றில் வைத்தேன். திரையில் திறந்து கிடந்த மற்ற ஜன்னல்களையெல்லாம் மூடினேன். வைஃபையை நம்பாமல் கூடத்திலிருந்து ஒயர் இழுத்துச் செருகினேன். படத்தின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கினேன். ஏரி பாசி படிந்த சுவர் மாதிரியும் கொக்கு சுண்ணாம்புப் பொட்டு மாதிரியும் தெரிந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கள்ளிக்குப்பத்தில் என் வீட்டுக்கு வந்து என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாய்.

"இன்னா மாமே, ரிப்பேர் பண்றியா இல்ல பிரேதப் பரிசோதனையா?"

"கம்முனு கெட. மெமரி கம்மி, அதான் மூச்சு வாங்குது."

"உனுக்கா, அதுக்கா?"

அப்போதுதான் என் பழைய வித்தையை எடுத்தேன். பிரவுசிங் சென்டர் காலத்தில் கற்றது. வீடியோவை நிறுத்திவிட வேண்டும். கீழே அந்தச் சாம்பல் கோடு நிரம்புகிற வரை வேறு வேலை பார்க்க வேண்டும். பிறகு ஓட விட்டால் தங்குதடை இல்லாமல் போகும். அரிசி ஊறவைக்கிற மாதிரி. அதற்கு 'ஊறவைக்கிறது' என்று பெயரும் வைத்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். மறுநாளிலிருந்து நேரலையில் முதல் வார்த்தையே அதுதான்: "கள்ளிக்குப்பத்து மாமா வந்துட்டாரா? இல்ல இன்னும் ஊறிக்கினு கீறாரா?"

இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் என்றுதான் ஊறவைப்பேன். நான் எழுதிப் போட்டதற்கு நீ பதில் சொல்லாவிட்டால், உன் காது மந்தம் கண்ணுக்கும் வந்துவிட்டது என்று திட்டிக்கொள்வேன்.

அன்றைக்கு வானம் மூடிக்கொண்டிருந்தது. ஆறே முக்காலுக்குள் படம் எட்டு முறை நின்றது. நீ ஏதோ ஒரு நாரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். இன்றைக்கு நன்றாக ஊறட்டும் என்று நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனேன். குளித்தேன், சாமி கும்பிட்டேன், முனைக் கடையில் டீ குடித்தேன். நூற்றுக்கணக்கான பேருக்கு நான் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுத்திருப்பதாக டீக்கடையில் ஒருவரிடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன். திரும்பி வந்து ஓட விட்டபோது ஏழு தாண்டி ஐந்து நிமிஷம்.

எப்படி ஓடியது தெரியுமா மச்சான்! ஒரு இடத்தில் கூட வட்டம் சுற்றவில்லை. சந்தோஷம் தாங்காமல் கீழே எழுதினேன்: "வெண்ணெ மாதிரி ஓடுது மச்சான். யார் கை வெச்சது!" நீ பதில் சொல்லவில்லை. நாரையைப் பற்றியே பேசினாய். பிறகு பேச்சு நின்றது. படம் நிற்கவில்லை, பின்னால் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. நீ இடது தோளைத் தேய்த்தாய். முகத்தைத் துடைத்தாய். போனை உற்றுப் பார்த்தாய்.

"மாமே... ஒரு மாதிரி கீது. எய்ந்துக்க முடில. ஒர்த்தர் பாக்கறாங்கன்னு காட்டுது. பாப்பாக்கு இன்னிக்கு டிரெயினிங்கு. அப்ப நீதான். நீ கீற இல்ல? கீழூட்டுக்காரருக்கு ஒரு போன் போடு. நான் இங்கியே கீறேன்."

போட்டேன். உடனே போட்டேன். உன் கீழ்வீட்டுக்காரர் எடுத்து, "யாரு சொன்னாங்க உங்களுக்கு? இப்பத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தோம். கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருந்தா பாத்திருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு" என்றார். நான் கையில் போனோடு திரையைப் பார்க்கிறேன். அதில் நீ உட்கார்ந்திருக்கிறாய். உயிரோடு. என்னைப் பார்த்துக்கொண்டு.

மேல் வீட்டு பிளாட்டில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள், ஐ.டி. வேலை. பதினாறாம் நாள் முடிந்த பிறகு, யாருக்கோ நடந்த கதை மாதிரி அவளிடம் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "லைவை எப்படீங்க அங்கிள் நிறுத்த முடியும்? அது பாட்டுக்கு அங்க போயிட்டே இருக்குமுங்க. நிறுத்தினா நீங்கதான் நின்னுட்டீங்கன்னு அர்த்தம். லைவ்னு எழுதியிருக்கறதுக்குப் பக்கத்துல அந்த சிவப்புப் புள்ளி வெளுத்துப் போயிருக்குமே, பாக்கலீங்களா?"

பார்த்தேன். தூசி என்று நினைத்துத் துணியால் துடைத்தேன்.

எனக்குக் கதை கட்டத் தெரியும் என்று உனக்குத் தெரியும். நீ கூடத்தில் கிடந்தபோது உன் பெண் புனேயிலிருந்து ஓடி வந்து என் கையைப் பிடித்து, "யாருமே இல்லாம போயிட்டாரா மாமா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். "இல்ல பாப்பா. கடைசி மூச்சு வரைக்கும் நான் லைவ்ல பாத்துக்கினுதான் இருந்தேன். அந்த நொடியே போன் போட்டேன். உன் பேரச் சொல்லி சிரிச்சாரு." அவள் அழுகை கொஞ்சம் அடங்கியது. பதினாறாம் நாளில் நீ கையெடுத்துக் கும்பிட்டதாகவும் சேர்த்தேன். சொந்தக்காரர்கள் தலையாட்டினார்கள். ஒரு வருஷமாக அவள் அதை வைத்துத்தான் தூங்குகிறாள். போன வாரம்கூட, "நீங்க அப்பா கூடவே இருந்தீங்க மாமா, எனக்கு அது போதும்" என்றாள்.

அந்த வீடியோ அப்படியே இருக்கிறது மச்சான். யார் எப்போது என்ன எழுதினார்களோ, அந்தந்த இடத்தில் அது பக்கத்தில் வந்து விழும். இருபதாம் நிமிஷத்தில் நீ என்னைக் கூப்பிடுகிறாய். என் பக்கத்திலிருந்து ஒரு எழுத்து இல்லை. கொஞ்ச நேரத்தில் நீ சரிகிறாய். முப்பதாம் நிமிஷத்தில் நடக்க வந்தவர்கள் கீழ்வீட்டுக்காரரைக் கூட்டிவந்து தூக்கிப் போகிறார்கள். போனை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. காலி பெஞ்சும் தண்ணீரும் மட்டும். அதற்கும் பிறகு அந்தக் காலி பெஞ்சுக்குப் பக்கத்தில் என் எழுத்து வந்து விழுகிறது. வெண்ணெ மாதிரி ஓடுது மச்சான்.

இப்போது கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. நான் எழுதினதை நானே அழிக்கலாம், ஒரு தட்டுதான். உன் பாஸ்வேர்டும் என் நோட்டில் இருக்கிறது. வீடியோவையே இல்லாமல் பண்ணிவிட்டு, மெஷின் பழசு பாப்பா, திறக்க மாட்டேங்குது என்று சொன்னால் அவள் நம்புவாள். நான் எது சொன்னாலும் நம்புகிறாள். அதுதான் பயமாக இருக்கிறது. மவுஸ் அம்பை அந்த வரிக்கு மேலே கொண்டுபோய் நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன். கை வரவில்லை. நீ எண்ணிப் பார்த்த அந்த ஒரே ஒருத்தன் நான். அதை எங்கே போய் அழிக்கிறது?

வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. "மாமா, கீறீங்களா?" உன் குரல் மாதிரியே கேட்கிறாள் மச்சான்.

இல்லை பாப்பா, நான் அங்கே இல்லை. படத்தைப் போடுவதற்கு முன்னால் அவளிடம் அதைத்தான் சொல்லப் போகிறேன். கூட ஒரு வார்த்தை சேர்க்காமல்.