தானாக உருண்ட மணிகள்

அத்தா,

இன்று அஸர் தொழுதுவிட்டு உங்கள் தஸ்பீஹ் மணிமாலையை எடுத்தேன். மணிகளில் அத்தர் வாசம் போய்விட்டது. நூலில் மட்டும் உங்கள் உள்ளங்கை வியர்வை இன்னும் இருக்கிறது.

நபிகள் மீது ஒரு லட்சம் ஸலவாத் ஓதி முடிப்பதாக நிய்யத் வைத்திருந்தீர்கள். நூறு மணி ஒரு சுற்று. "எழுதிக்கம்மா" என்பீர்கள், நோட்டில் ஒரு கோடு போடுவேன். பள்ளிக்கூடம் போகாமல், நீங்கள் விற்ற வளையல்களின் பொட்டலத் தாள்களில் எழுத்துக் கூட்டிப் படித்தவளுக்கு நீங்கள் கொடுத்த உத்தியோகம் அது.

ஈஸிசேரில் சாய்ந்தபடி உருட்டிக்கொண்டே இருப்பீர்கள். "கண்ணு முழிக்கிறப்பவே ஓதுறாருங்க. யாருக்கு வரும் இந்த பாக்கியம்!" என்றார் பக்கத்து வீட்டு மாமி. நானும் பூரித்துப்போனேன்.

ஒருநாள் மணிமாலை தரையில் விழுந்து கிடந்தது. உங்கள் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத மணியை உருட்டிக்கொண்டிருந்தன. உதடு அசையவில்லை. அதன்பிறகு கவனித்தேன். தூங்கினால் விரல் அடங்கும். நீங்கள் கண் திறக்கும் முன்பே அது விழித்துக்கொள்ளும். சித்தேரி மலைப் பெண்களுக்கு வளையல் போட்டுவிட்ட கை, ஒரு வளையலை எடுக்கப் போனால் நின்றுவிடும்; கீழே வைத்ததும் மறுபடி தொடங்கும்.

எண்பத்தாறாம் வருஷம் பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் ஏறி, சேலத்து டாக்டரிடம் போனோம்.

"இது நடுக்குவாதங்க. மூளைக்கு நடுவுல ஒரு சத்து கொறஞ்சிருக்கு. பிடரிக்கு மேல சிறுமூளைன்னு ஒண்ணு இருக்குதுங்க, கைகால அளவா ஓட்டுறது அதுதான். இந்த ஆட்டத்துல அதுக்கும் பங்கு இருக்குதுங்கறாங்க. முழுசா யாருக்கும் தெரியாது."

"அப்ப டிரைவரு பின்சீட்டுல ஒக்காந்திருக்கான்னு சொல்லுங்க" என்றீர்கள். டாக்டர் சிரித்தார். திரும்பும் பஸ்ஸில் உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தேன். உங்கள் பிடரியைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

இறங்கியதும் கேட்டீர்கள்: "நான் ஓதுனது எது, அது உருட்டுனது எதும்மா? போட்ட கோட்டுல எத்தன நெசம்?"

"எல்லாமே நீங்க ஓதுனதுதான் அத்தா. ஒதடு அசஞ்சத நான் பாத்தேன்."

பொய். அதை நம்பித்தான், லட்சமும் முடிந்த நிம்மதியில் கண்மூடினீர்கள். கஃபன் துணி போர்த்தும்போது எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்த்தார்கள். நான் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்தேகமான கோடுகளுக்கெல்லாம் பென்சிலில் சுழி போட்டு வைத்திருக்கிறேன். நாளுக்கு ஒரு சுழியாக உங்களுக்காக ஓதி அழிக்கிறேன். சில நாள் நினைவு எங்கோ போய் உதடு நின்றுவிடுகிறது. குனிந்து பார்த்தால் மணி மட்டும் நகர்ந்திருக்கிறது. பிடரி சில்லிடுகிறது. எது வரை நான், எது முதல் அது என்று தெரியாமல், முதல் மணிக்கே திரும்பிப் போய் மறுபடி தொடங்குகிறேன், அத்தா.